வகையும் தொகையும் முன்னிருப்பும்

இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் நுண்கணிதம் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். தமிழிலக்கியம் கற்று, தமிழே கற்பித்து வரும் நமக்கு இதில் என்ன வேலை என்றும் கேட்கலாம். மேல்நிலை வகுப்புக் கணிதப் பாடநூலைப் புரட்டிப் பாருங்கள். 'வகை நுண்கணிதம்', 'தொகை நுண்கணிதம்' என்று இரு பெருந்தலைப்புகள் கண்ணில் படும். வகை, தொகை இரண்டும் நம் வீட்டுச் சொற்கள். வகு என்பதிலிருந்து வகை. தொகு என்பதிலிருந்து தொகை. எட்டுத்தொகை என்கிறோம், தொகைநிலைத் தொடர் என்கிறோம். ஒன்றைத் தொகையாகச் சொல்லி, வகையாகப் பிரித்து, விரியாக விளக்குவது நம் உரையாசிரியர்களின் நடைமுறை. நம் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பக்கத்து வீட்டில் வளர்கின்றன என்றால், அவை நலமாக இருக்கின்றனவா என்று எட்டிப் பார்ப்பதில் தவறில்லையே!

எட்டிப் பார்த்தபோது கண்டது மகிழ்ச்சி தரவில்லை. சாத்தான்குளத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மேல்நிலைக் கல்வி முடித்துக் கல்லூரிக்கு வரும் மாணவ மாணவியரிடம் வகையிடலுக்கும் தொகையிடலுக்கும் என்ன உறவு என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: "ஒன்றின் தலைகீழ் மற்றொன்று." விடை சரியே. ஏன் தலைகீழ், எதன் தலைகீழ் என்று அடுத்த வினாவைத் தொடுத்தால் மௌனம். எக்ஸ் வர்க்கத்தை வகையிட்டால் இரண்டு எக்ஸ், இரண்டு எக்ஸைத் தொகையிட்டால் எக்ஸ் வர்க்கம், மறக்காமல் 'பிளஸ் சி' போட வேண்டும், இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும் என்பதோடு முடிந்துவிடுகிறது. மனித அறிவு ஈராயிரம் ஆண்டுகள் தேடிக் கண்டடைந்த ஓர் உண்மை, மதிப்பெண் குறையாமலிருக்க இடும் ஒரு வாலாகச் சுருங்கிவிட்டது. தலைகீழ் என்பது நாம் வைத்துக்கொண்ட வரையறை அன்று. நிறுவிக் காட்டப்பட்ட ஓர் உண்மை. இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுக்காமல் நுண்கணிதம் சொல்லிக் கொடுத்ததாக நாம் எண்ணிக்கொள்கிறோம் என்பதே நம் குறை.

உண்மையில் இவ்வுறவை விளக்கச் சூத்திரம் எதுவும் தேவையில்லை. சாத்தான்குளம் கடைத்தெருவின் கணக்கேடு ஒன்றே போதும். கருப்பட்டி வாங்கி விற்கும் கடை ஒன்றைக் கற்பனை செய்து கொள்வோம். மாதத் தொடக்கத்தில் முன்னிருப்பு 40 கிலோ. முதல்நாள் வரவில் செலவு போக 12 கிலோ கூடியது. இரண்டாம் நாள் 5 கிலோ குறைந்தது. மூன்றாம் நாள் 9, நான்காம் நாள் 4 கிலோ கூடியது. அந்தந்த நாள் முடிவில் இருப்பு முறையே 52, 47, 56, 60. ஏட்டில் இப்போது இரண்டு பத்திகள் உள்ளன. ஒன்று அன்றாட மாற்றம், மற்றொன்று இருப்பு. இருப்புப் பத்தியில் ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அதற்கு முந்தையதைக் கழித்தால் மாற்றப் பத்தி கிடைக்கிறது. மாற்றப் பத்தியைக் கூட்டிக்கொண்டே போய், முன்னிருப்பையும் சேர்த்தால் இருப்புப் பத்தி கிடைக்கிறது. முதலாவது வகை, இரண்டாவது தொகை.

நான்கு நாள் மாற்றங்களைக் கூட்டினால் 20. கடைசி இருப்பிலிருந்து முன்னிருப்பைக் கழித்தாலும் 20. இது தற்செயலன்று. ஒவ்வொரு நாள் மாற்றமும் 'இன்றைய இருப்பு கழித்தல் நேற்றைய இருப்பு' என்பதால், எல்லாவற்றையும் கூட்டும்போது இடைப்பட்ட இருப்புகள் அனைத்தும் ஒருமுறை கூடி, ஒருமுறை கழிந்து மறைந்துவிடுகின்றன. எஞ்சுபவை முதலும் முடிவுமே. நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்று பாடநூல் தடித்த எழுத்தில் அச்சிடுவதன் உயிர் இவ்வளவே. பரப்பைக் காண மேலெல்லை மதிப்பிலிருந்து கீழெல்லை மதிப்பைக் கழித்தால் போதும் என்று மாணவன் மனப்பாடம் செய்கிறானே, இடையிலுள்ளவை எங்கே போயின என்று அவன் கேட்டதுண்டா? கேட்டிருந்தால் அவனுடைய ஊர்க் கடைக்காரரே விடை சொல்லியிருப்பார்.

ஒரு நாள் என்னும் அளவை ஒரு மணி நேரமாக்குவோம். பின் ஒரு நிமிடமாக்குவோம். மேலும் மேலும் சிறிதாக்குவோம். அப்போது வெறும் மாற்றத்தைச் சொன்னால் போதாது. மாற்றம் மிகச் சிறிது, காலமும் மிகச் சிறிது. எனவே மாற்றத்தைக் காலத்தால் வகுத்து வேகமாகச் சொல்கிறோம். அதாவது வகையிடல் என்பது கழித்து, பின் வகுப்பது. திரும்பி வர வேண்டுமானால் வேகத்தைச் சிறுகாலத்தால் பெருக்கிச் சிறு மாற்றத்தைப் பெற்று, அவற்றையெல்லாம் கூட்ட வேண்டும். தொகையிடல் என்பது பெருக்கி, பின் கூட்டுவது. வகுத்தலுக்கு மறுதலை பெருக்கல். கழித்தலுக்கு மறுதலை கூட்டல். வீட்டைப் பூட்டும்போது முதலில் உள்ளறை, பின் வாசற்கதவு. திறக்கும்போது முதலில் வாசற்கதவு, பின் உள்ளறை. அதைப் போலத்தான் இது. சிறு அளவுகள் பூச்சியத்தை நெருங்கும்போது இந்தக் கணக்கு பிசகாமல் நிற்குமா என்பதை உறுதி செய்வதே எல்லை, தொடர்ச்சி என்றெல்லாம் பாடநூல் படும் பாடு. அந்தப் பாடு அவசியமானது. ஆனால் எதற்காக என்று தெரிந்தபின் படும் பாட்டுக்கும் தெரியாமல் படும் பாட்டுக்கும் வேறுபாடுண்டு.

கணக்கேட்டைவிட்டு வடிவத்துக்கு வருவோம். வட்டத்தின் பரப்பைக் காண, சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கச் சொல்கிறது கணக்கதிகாரம் என்னும் பழந்தமிழ்க் கணித நூல். விதி சரியானது. ஏன் சரி? பனைநார்க் கயிற்றைத் தரையில் இடைவெளியில்லாமல் வட்ட வட்டமாக அடுக்கி வைத்ததாக எண்ணுங்கள். நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு வெட்டு வெட்டி, எல்லாச் சுற்றுகளையும் நேராக்கிப் படுக்க வைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் அடி, வெளிச்சுற்றின் நீளமான சுற்றளவு, உயரம், அரைவிட்டம். முக்கோணத்தின் பரப்பு அடியில் பாதியை உயரத்தால் பெருக்கியது. கணக்கதிகார விதி கையில் கிடைத்துவிட்டது. நாம் செய்தது சுற்றளவுகளைத் தொகையிட்டதுதான். இனித் திரும்பிப் பாருங்கள். கயிற்றடுக்கின் வெளியே இன்னும் ஒரே ஒரு சுற்றைச் சேர்த்தால் பரப்பு எவ்வளவு கூடும்? ஏறத்தாழ, சுற்றளவு பெருக்கல் கயிற்றின் தடிமன். தடிமனால் வகுத்தால் எஞ்சுவது சுற்றளவு. பரப்பை வகையிட்டால் சுற்றளவு. சுற்றளவைத் தொகையிட்டால் பரப்பு. உருண்டைக்கும் இதே கதைதான்: கன அளவை வகையிட்டால் மேற்பரப்பு. இந்தச் சூத்திரங்களைத் தனித்தனியே நெட்டுருச் செய்த எத்தனை பேருக்கு, அவை ஒன்றுக்கொன்று தாயும் பிள்ளையும் என்பது சொல்லப்பட்டிருக்கிறது?

இன்று இவ்வளவு எளிதாகத் தோன்றும் இவ்வுறவு வரலாற்றில் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. பரப்பைக் காணும் வினா தனியே பிறந்தது. கணநேர வேகத்தைக் காணும் வினா தனியே பிறந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் பரவளையத் துண்டின் பரப்பைக் கண்டுவிட்டார். நம் நாட்டில் 1150-இல் சித்தாந்த சிரோமணி இயற்றிய இரண்டாம் பாஸ்கரர், கோள்களின் கணநேர வேகத்தையும் ஆராய்ந்தார். உருண்டையைச் சிறு பகுதிகளாக அறுத்து அதன் மேற்பரப்பையும் கண்டார். இரண்டு வினாக்களும் ஒரே அறிஞரின் கையில் இருந்தன. ஆயினும் இரண்டையும் பிணைக்கும் பொது விதி அங்கே எழவில்லை. சங்கமகிராம மாதவரின் வழிவந்த சேர நாட்டுக் கணிதர்கள் வட்டத்துக்கான முடிவிலித் தொடர்களையே கண்டுவிட்டனர். அவற்றுக்கான காரண விளக்கங்களை ஜேஷ்டதேவர் பதினாறாம் நூற்றாண்டில் யுக்திபாஷை என்னும் நூலாக, வடமொழியில் அன்றி மலையாள உரைநடையில் எழுதினார். கற்றோர் மொழி ஒன்று இருக்க, மக்கள் பேசும் மொழியில் உயர்கணிதத்தின் 'ஏன்' என்பதை எழுதிய அச்செயல் நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. அங்கும் கூட்டும் வித்தை மிக உயர்ந்து நின்றது. வகையும் தொகையும் ஒன்றன் மறுதலை மற்றொன்று என்னும் பொதுத் தேற்றம் மட்டும் உருக்கொள்ளவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் ஐசக் பாரோவின் வடிவியலில் அது தலைகாட்டி, நியூட்டன், லைப்னிட்ஸ் இருவர் கையில் பொதுக் கருவியாயிற்று. லைப்னிட்ஸ் வகையிடல் பற்றிய கட்டுரையை 1684-இலும், தொகையிடல் பற்றியதை 1686-இலும் வெளியிட்டார். இத்தனை பேரறிஞர்கள் அருகிருந்தும் காணாத உறவை, பதினாறு வயதுப் பிள்ளைக்கு 'தலைகீழ்' என்ற ஒரே சொல்லில் கொடுத்துவிட்டு, அது வியக்கவில்லையே என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம்.

இங்கே சொல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தொகையிடலுக்குரிய நீண்டு வளைந்த குறியை 1675-இல் லைப்னிட்ஸ் எழுதியபோது, கூட்டுத்தொகை என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் முதலெழுத்தையே நீட்டி எழுதினார். அக்கணிதத்துக்கு அவர் விரும்பிய பெயரும் 'கூட்டும் கணிதம்' என்ற பொருளுடையதே. 'முழுமை' என்று பொருள்படும் பெயர் பெர்னூலி சகோதரர்கள் வழியாக வந்து, இன்று ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. அந்த வகையில் 'தொகை' என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலச் சொல்லைவிடக் கண்டுபிடித்தவரின் கருத்துக்கு நெருக்கமாக நிற்கிறது. கலைச்சொல்லைத் தமிழில் படிப்பது சுமை என்று அலுத்துக்கொள்வோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சொல்லுக்குள்ளேயே விளக்கம் இருக்கிறது. திறந்து காட்ட ஆள் இல்லை என்பதே குறை.

இனி, 'பிளஸ் சி'. நம் கருப்பட்டிக் கடையில் முன்னிருப்பு 40 கிலோவுக்குப் பதில் 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இருப்பு 112, 107, 116, 120 என்று மாறும். ஆனால் அன்றாட மாற்றம்? அதே 12, குறைவு 5, 9, 4. மாற்றப் பத்தியை மட்டும் கண்டவருக்கு இது எந்தக் கடை என்று சொல்ல முடியாது. வகையிடும்போது முன்னிருப்பு தொலைந்துவிடுகிறது. தொகையிடும்போது அது தானாகத் திரும்பி வருவதில்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டும். 'சி' என்பது அந்த முன்னிருப்பு. அது வால் அன்று. நம் அறிவின் எல்லையை நேர்மையுடன் ஒப்புக்கொள்ளும் கையொப்பம்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதா? சுடுசோறு என்பது வினைத்தொகை. காலங்காட்டும் உறுப்பு தொக்கு நிற்கிறது. விரித்தால் சுட்ட சோறு, சுடுகின்ற சோறு, சுடும் சோறு என மூன்றும் பொருந்தும். எது என்பதைச் சொல் சொல்லாது, சூழல்தான் சொல்லும். மறைந்ததை மீட்க வெளியிலிருந்து ஒரு குறிப்பு வேண்டும் என்ற இதே சிக்கலைத்தான் கணிதத்தில் தொடக்க நிலைமை என்கிறார்கள். ஓர் எச்சரிக்கையும் தேவை. இலக்கணத்தில் தொகுக்கும்போது மறைகிறது. கணிதத்தில் வகையிடும்போது மறைகிறது. எனவே இரண்டும் ஒன்றென்று சொல்லிவிடலாகாது. நம் முன்னோர் நுண்கணிதம் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவதற்கும் இது சான்றன்று. மறைவதும் மீட்பதும் என்னும் சிந்தனைப் பழக்கம் மாணவனுக்கு ஏற்கெனவே பத்தாம் வகுப்புக்குள் தமிழ்ப் பாடத்தில் கிடைத்திருக்கிறது. அதைக் கணித வகுப்பில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதே நாம் சொல்வது.

குளத்தின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர் நம்முடையது. மழை குறைந்த, தேரிக்காடு சூழ்ந்த இப்பகுதிக்கு, 2023 டிசம்பர் 17, 18 நாட்களின் மழை மறக்க முடியாதது. கிழக்கே காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்தது, மணிக்குச் சராசரியாக 4 செ.மீ. ஆனால் சராசரி எந்த மணி நேரத்தின் சீற்றத்தையும் சொல்லாது. அதற்கு வகை வேண்டும். எந்தக் குளம் உடையும் என்பதை மழையளவு மட்டும் சொல்லாது. மழைக்கு முன் குளத்தில் நீர் எவ்வளவு இருந்தது என்ற முன்னிருப்பும் வேண்டும். மழை உச்சத்தில் இருக்கும்போது குளத்தின் நீர்மட்டமும் உச்சத்தில் இருக்கும் என்று நினைப்பதும் தவறு. மழை தணியத் தொடங்கிய பின்பும், வரத்து வெளியேற்றத்தைவிட மிகுந்திருக்கும்வரை மட்டம் ஏறிக்கொண்டேயிருக்கும். இரண்டும் சமமாகும் கணத்தில்தான் உச்சம். அன்று தென்மாவட்டங்களில் பல குளங்களின் கரைகள் உடைந்தன. 'மழை விட்டுவிட்டதே' என்று நிம்மதி அடைவதற்கும், 'மட்டம் இன்னும் ஏறுகிறதா?' என்று கேட்பதற்கும் உள்ள இடைவெளி, வகைக்கும் தொகைக்கும் உள்ள இடைவெளியே.

நாள்தோறும் செய்தித்தாள் படிப்பவர்க்கும் இது உயிர்நிலையான வேறுபாடு. பணவீக்கம் 6 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைந்தது என்றால் விலை குறைந்துவிட்டது என்று பொருளன்று. ஏறும் வேகம் குறைந்தது, விலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அரசின் ஆண்டுப் பற்றாக்குறை குறைந்தது என்றால் கடன் குறைந்தது என்று பொருளன்று. பற்றாக்குறை வகை, கடன் தொகை. மேடைதோறும் இவ்விரண்டும் குழப்பப்படுகின்றன, கைதட்டலும் கிடைக்கிறது. மேல்நிலை வகுப்பில் கணிதம் படித்தவர்களும் கைதட்டுவோரில் இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

பாடநூலைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. இப்போதைய தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பதினொன்றாம் வகுப்புக்கு 2018-இலும், பன்னிரண்டாம் வகுப்புக்கு 2019-இலும் வந்தவை. பதினொன்றில் தொகையிடல் வகையிடலின் எதிர்ச்செயலாக அறிமுகமாகிறது. கூட்டுத்தொகையின் எல்லையே தொகையீடு என்பதும் அடிப்படைத் தேற்றமும் பன்னிரண்டில்தான் வருகின்றன. முதலாண்டு விடை, இரண்டாமாண்டு வினா! இடைப்பட்ட ஓராண்டில் 'தொகை' என்ற சொல் தன் பொருளை இழந்து, வெறும் தலைகீழ்ச் சூத்திரமாக இறுகிவிடுகிறது.

இதனினும் பெரிய கவலை ஒன்றுண்டு. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தும் வழக்கம் பல பள்ளிகளில் இருந்தது. அதை ஒழிக்கவே 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அத்தேர்வு கைவிடப்பட்டது. அடுத்தடுத்து மூன்று பொதுத்தேர்வுகள் பிள்ளைகளின் தோளில் ஏற்றிய பாரம் இறங்கியது நல்லதே. அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் பொறியியல் தரவரிசைக்கான 200 மதிப்பெண்ணில் 100 பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தினுடையது. பதினொன்றுக்கு அதில் இடமில்லை. பழைய வழக்கம் எட்டிப் பார்க்க இதைவிட வேறென்ன வேண்டும்? வகையிடலும் தொகையிடலும் பிறக்கும் ஆண்டு பதினொன்று. அந்த ஆண்டைத் தாண்டிக் குதிக்கும் மாணவன் முன்னிருப்பு இல்லாமல் கணக்கு எழுதத் தொடங்குகிறான். பின்னால் எவ்வளவு கூட்டினாலும் இருப்பு சரியாக வராது.

கணித ஆசிரியர்கள் இதற்கு மறுமொழி சொல்வார்கள். நேரமில்லை, பாடம் மிகுதி, தேர்வில் 'ஏன்' என்று கேட்பதில்லை என்பார்கள். நியாயமே. ஆயினும் கருப்பட்டிக் கணக்குக்கும் கயிற்றடுக்குக்கும் சேர்த்து இரண்டு பாடவேளை போதும். அதனால் பின்னர் மிச்சமாகும் மனப்பாட நேரம் அதைவிட அதிகம். கல்லூரிக்குப் போனால் எல்லாம் ஆங்கிலத்தில்தானே, தமிழ்ச்சொல் எதற்கு என்பார்கள் வேறு சிலர். தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளை கல்லூரியில் ஆங்கிலச் சொல்லைக் கேட்டுத் திகைப்பது, தமிழ்ச்சொல்லைக் கற்றதனால் அன்று. தமிழ்ச்சொல்லையும் பொருள் அறியாமல் கற்றதனால். பொருள் அறிந்தவருக்கு இன்னொரு பெயரைக் கற்க ஒரு நாள் போதும்.

பதினொன்றாம் வகுப்பில் தொகையிடலைத் தொடங்கும்போதே கூட்டுதலிலிருந்து தொடங்குங்கள். தலைகீழ் என்பது பின்னர் வியப்பாக வரட்டும். 'சி' என்பதற்கு முன்னிருப்பு என்று ஒருமுறையேனும் பெயர் சொல்லுங்கள். பொதுத்தேர்வு இல்லாவிடினும் அவ்வாண்டுப் பாடத்தைப் பள்ளி தன் பொறுப்பில் முழுமையாக நடத்தட்டும். பெற்றோர் அதைக் கேட்டு வாங்கட்டும். தமிழாசிரியர்களாகிய நமக்கும் பங்குண்டு. தொகைநிலைத் தொடர் நடத்தும் நாளில், இதே சொல் கணித வகுப்பிலும் உங்களைச் சந்திக்கும் என்று ஒரு வரி சொல்லி வைப்போம். ஆசிரியர் அறையில் அருகருகே அமர்ந்தும் தமிழும் கணிதமும் பேசிக்கொள்ளாததால் தொலைந்தவற்றுள் இந்த உறவும் ஒன்று. அதை மீட்க, இடைவேளைத் தேநீரோடு ஒரு பேச்சுப் போதும்.